அரை மூச்சு முந்தியவன்

முன்னொரு காலத்தில் கொடுவாய்நாட்டை விறல்மாறன் என்றொரு மன்னன் ஆண்டான். கெட்டவன் இல்லை. காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவ்வளவுதான்.

அங்கே மூன்று போர்ப் பள்ளிகள். ஒன்றில் சிலம்பம், ஒன்றில் மல்யுத்தம், ஒன்றில் வர்மம். ஒன்றில் சேர்ந்தவன் மற்றதன் வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அன்றோடு வெளியே. மூன்று ஆசான்களுக்கும் அப்படியொரு வீம்பு.

மூவருக்கும் பொது, அரண்மனை மணற்களம் மட்டும். போட்டி முடிந்ததும் மணலைச் சமன் செய்கிறவள் சுடலி. பரம்பு என்கிற பல் வைத்த பலகையை இழுத்துக்கொண்டு பின்னோக்கியே நடப்பாள். தள்ளிக்கொண்டு முன்னோக்கி நடந்தால் சமன் செய்த மணலில் அவள் காலடியே விழுந்துவிடுமே. இருபது வருட வேலை. மணலில் தடத்தைப் பார்த்தே எந்தப் பள்ளி, எந்த அடி என்று சொல்லிவிடுவாள். சிலம்ப ஆசான் இருளாண்டி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

சபையில் கடம்பராயர் என்றொருவர். படைத்தலைவர் பதவிமேல் கண். ஆசான்களுக்கு மன்னன் பட்டாடை போர்த்தும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் மலைக்காட்டிலிருந்து ஒருவனைக் கூட்டி வந்தார். முகம் பூராவும் சுண்ணாம்பு. பேச்சில்லை. கண் இமைக்கவில்லை. அவன் களத்தில் கால் வைத்ததும் மதில்மேல் இருந்த காகங்கள் ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து போயின.

"உங்கள் ஆசான்கள் இவனை வெல்லட்டும், மன்னா. வென்றால் நான் ஊரைவிட்டே போகிறேன். தோற்றால் படையை என்னிடம் கொடுங்கள்."

மன்னனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "விழுந்தாலும் தோல்வி, களத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் தோல்வி. தோற்ற ஆசானுக்கு வலக்கை வெட்டப்படும்" என்றான். யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் மன்னன் சொல், சொல்தான்.

முதல் நாள் இருளாண்டி. களத்தைத் தொட்டுக் கும்பிட்டு, இடக்காலைப் பின்வைத்து வணங்கினார். எல்லைக்கோட்டை ஒட்டி நின்ற சுண்ணாம்பு முகத்தானும் அப்படியே வணங்கினான். சனங்கள் மரியாதை என்று நினைத்தார்கள். கம்பு நாலு தடவை மோதியது. இருளாண்டி மண்ணில் கிடந்தார். மறுநாள் மல்லர். அதற்கு மறுநாள் வர்மக்காரர். மூன்று பேருக்கும் காயமில்லை. வலக்கை மட்டும் ஐந்தாறு நாள் தண்ணீரில் கிடந்ததுபோல் சில்லிட்டுத் தொங்கியது.

சுடலி மணலைப் பார்த்தாள்.

அண்ணன் வீட்டுக்குப் போனாள். "அண்ணே, மணல்ல ரெண்டு பேர் தடம் இல்லை. உன் தடம்தான் ரெண்டு தடவை இருக்கு. அவன் பக்கம் இருந்தது இடம் வலம் மாறின உன் காலு. மத்த ரெண்டு பேருக்கும் அப்படித்தான்."

"நாளைக்கு ராசா கையை வெட்டப் போறான். நீ மணல் கதை சொல்ல வந்துட்டே."

"கேளு. அவன் உன்னை எப்படி அடிச்சான்?"

இருளாண்டி சில்லிட்ட கையைத் தூக்கி மடியில் வைத்தார். "நான் அடிக்க நினைச்ச அடியை, அரை மூச்சு முன்னாடி அவன் அடிச்சான்."

"எப்போலேர்ந்து?"

"கும்பிட்டதுலேர்ந்து."

"ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கும்பிடு. அதுலயே முதல் அடி இருக்கு. நூல் நுனியை நீங்களே அவன் கையில குடுத்துடறீங்க."

"கும்பிடாம களத்துல இறங்கச் சொல்றியா? செத்தாலும் மாட்டோம்."

"தெரியும்" என்றாள். எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் உச்சிப் பொழுது. கத்தி தீட்டியாகிவிட்டது. "இவனோடு மோத வேறு யாராவது உண்டா?" என்று மன்னன் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான். சுடலி பரம்போடு களத்தில் இறங்கினாள்.

கடம்பராயர் சிரித்தார். "பெருக்க வந்தாயா?"

"ஆமாங்க. குப்பை கிடக்குதே."

சுண்ணாம்பு முகத்தான் வழக்கம்போல் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றான். சுடலி நேரே அவன் மூக்குக்கு முன்னால் போய் நின்றாள். அவனிடமிருந்து மூச்சே வரவில்லை. ஈரக் கிணற்று வாடைதான் வந்தது. மணலைத் தொட்டுக் கும்பிட்டாள். பரம்பைப் பிடித்தாள். தினம் செய்கிற வேலையைச் செய்ய ஆரம்பித்தாள். ஒரு காலைப் பின்னால் வைத்தாள்.

அரை மூச்சு முன்னாலேயே அவன் கால் பின்னால் போய்விட்டது. அடுத்த அடியும் அப்படியே. அவள் முதுகுக்குப் பின்னால் நாற்பது அடிக் களம் இருந்தது. அவனுக்கு இரண்டே அடி.

கோட்டுக்கு வெளியே நின்றான்.

"இது என்ன சண்டை? தொடக்கூட இல்லையே" என்று கடம்பராயர் எழுந்தார்.

"கோட்டைத் தாண்டினால் தோல்வி. நான் சொன்னது" என்றான் மன்னன்.

"ராசா, ஐயாவுக்குச் சந்தேகம்னா அவரே எதிர்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுப் பார்க்கட்டுமே" என்றாள் சுடலி.

மன்னன் கை காட்டினான். வேறு வழியில்லை. கடம்பராயர் இறங்கிப் போய்க் கும்பிட்டார். 'மன்னர் வாழ்க' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்கு முன்னே அவன் பேசினான். முதல் தடவையாக. கடம்பராயரின் குரலிலேயே, அவர் மனதில் இருந்ததைப் பேசினான்.

"படை கைக்கு வரட்டும். அப்புறம் இந்தக் கிறுக்கு மன்னனுக்கு உடம்பில் தலை எதற்கு?"

மன்னன் கடம்பராயரின் தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னான். சுடலியிடம் அதைக் களத்தில் போட்டு, பரம்பால் இழுத்து மிதிக்கச் சொன்னான். அன்றே எல்லைக்கு அப்பால் துரத்தினான்.

"உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று சுடலியைக் கேட்டான்.

"கத்தியை உறையில போடுங்க. மூணு பள்ளி வாசலையும் திறந்து வைக்கச் சொல்லுங்க. மத்தவங்க பாடம் தெரிஞ்சிருந்தா, ஒரு பள்ளிக் கும்பிடு போட்டுட்டு வேற பள்ளி அடி அடிச்சிருப்பாங்க. எனக்கு வேலையே இல்லாம போயிருக்கும்."

மூன்று ஆசான்களும் மணலைப் பார்த்தார்கள். சொன்னபடி நடந்தது. இந்தக் களேபரத்தில் சுண்ணாம்பு முகத்தான் எப்போது போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சுடலி களத்துக்கு வந்தாள். மணல் ஏற்கெனவே சமன் செய்யப்பட்டிருந்தது. வரிகள் அவள் இழுக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரு காலடிகூட இல்லை.

'வேலை சுத்தமாத்தான் இருக்கு' என்று சொல்ல வாயெடுத்தாள்.

அரை மூச்சு முன்னால், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவள் குரல் அதைச் சொன்னது.