வாய்க்காலில் ஒரு மடக்கு

பூவாலங்குடி அரண்மனை ஏரி நாறியது. சும்மா நாறவில்லை ஐயா, ஊரையே தூக்கியது! பக்கத்து நாட்டுத் தூதுவர் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே ஓடிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அரசர் வீரகேசரிக்கு மானம் போயிற்று. அமைச்சர் திருமேனிநாதரைக் கூப்பிட்டார். அவரிடம் திட்டத்துக்கா பஞ்சம்? வண்டி வண்டியாகத் தேற்றாங்கொட்டையை அரைத்து ஏரியில் கொட்டினார். குடத்துத் தண்ணீரைத் தெளிய வைக்கிற கொட்டை ஏரியைத் தெளிய வைக்காதா என்று ஒரு நம்பிக்கை. தெளியத்தான் செய்தது, அடுத்த மழை வாய்க்காலில் வந்து சேரும் வரைக்கும்! பிறகு அண்டா அண்டாவாகப் பன்னீர் ஊற்றினார். நாற்றத்தோடு வாசனையும் கலந்து, பாதி ஊர் வாந்தி எடுத்தது.

கடைசியில் அமைச்சர் கையை விரித்தார். "எல்லாம் சாயத்தெருக்காரர்கள் செய்கிற வேலை, மகாராஜா. அவர்களை ஊரைவிட்டுத் துரத்துங்கள்."

"துரத்து!" என்றார் அரசர்.

சாயத்தெருவுக்குத் தலைவி மாடத்தி. தலைவிரிகோலமாக வெள்ளியம்பலத்தின் வீட்டுக்கு ஓடிவந்தாள். அரசவையில் அரசரையே கேலி பேசிவிட்டுத் தப்பிக்கிற ஒரே ஆசாமி அவர்தான்.

"சாமி, நாங்க சாயத்தண்ணி விடலைன்னு பொய் சொல்ல மாட்டேன். விடறோம். ஆனா செக்குக்காரரும் விடறாரு, மாட்டுக்காரரும் விடறாரு. எல்லாம் ஒரே வாய்க்கால்தானே! எங்களுக்கு மேலேருந்து வர்ற தண்ணியே நாறுதே சாமி! எங்களை மட்டும் துரத்தினா பிள்ளைகுட்டியோட எங்கே போவோம்?"

வெள்ளியம்பலம் வாய்க்கால் கரையோடு மலையடிவாரம் வரை நடந்தார். ஒவ்வொரு மடையாக எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். நேராக அரசவைக்குப் போனார்.

"மகாராஜா, ஒரே ஒரு சட்டம் போடுங்கள். ஏரி தெளியும். தெளியாவிட்டால் சாயத்தெருவோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

"என்னய்யா சட்டம்?"

"யாருடைய கழிவு வாய்க்காலில் எங்கே விழுகிறதோ, அதற்குச் சற்றுக் கீழே தண்ணீர் மொண்டு, தினமும் காலையில் அவர் ஒரு மடக்கு குடிக்க வேண்டும். குடிக்கிறாரா என்று அடுத்துக் கீழே இருக்கிறவர் நின்று பார்க்க வேண்டும். கழிவு நின்றால் குடிப்பதும் நிற்கும். அதுவரை யாருக்கும் விலக்கு இல்லை."

அரசர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். செக்குக்காரரின் முகம் போகிற போக்கை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. "யாருக்கும் இல்லை! போடு முத்திரையை!"

அடேயப்பா, மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! செக்குக்காரர் ஒரு மடக்கு குடித்தார், மூன்று முறை குதித்தார், மண்வெட்டியைத் தேடி ஓடினார். மாட்டுக்காரர் சாணியை வாரி வயலுக்கு வண்டி கட்டினார். சாயத்தெருவில் ஆணும் பெண்ணுமாகக் குழி வெட்டிச் சாயத்தண்ணியைத் தேக்கினார்கள். பல வருஷமாக "அவன்தான், இவன்தான்" என்று கத்திக்கொண்டிருந்தவர்கள், கத்த நேரமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏரியும் தெளிந்தது. ஆனால் முழுசாகத் தெளியவில்லை. மஞ்சளாக ஒரு கலக்கல் மட்டும் போகவே மாட்டேன் என்றது.

திருமேனிநாதருக்கு ஒரே கொண்டாட்டம். "வெள்ளியம்பலம், மூட்டையைக் கட்டலாமே!"

"கட்டலாம்தான். ஆனால் ஒருவர் மட்டும் இன்னும் குடிக்கவில்லையே."

அரசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் சட்டத்தை மீறியவன் எவன்? இங்கேயே, என் கண் முன்னாலேயே குடிக்க வை!"

வெள்ளியம்பலம் கையைத் தட்டினார். சேவகன் ஒருவன் தங்கக் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்து, மிகுந்த மரியாதையோடு அரசர் முன்னால் நீட்டினான்.

"வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் அரண்மனை யானைக்கொட்டில் இருக்கிறது, மகாராஜா. அமைச்சர் பார்த்துப் பார்த்துக் கட்டிய கொட்டில். யானைகளோ தங்களுடையவை."

திருமேனிநாதர் தூணுக்குப் பின்னால் நழுவினார். அரசர் கிண்ணத்தைப் பார்த்தார். கிண்ணத்தில் வைக்கோல் துணுக்கு ஒன்று மிதந்தது. அரசர் மெல்லப் பின்னால் சாய்ந்தார்.

"நா... நான் குடித்தேனா இல்லையா என்று யாரய்யா பார்க்கப் போகிறார்கள்?"

"அடுத்துக் கீழே இருப்பது சாயத்தெரு, மகாராஜா. மாடத்தி வாசலில்தான் நிற்கிறாள்."

மாடத்தி உள்ளே வந்து கும்பிட்டாள். அரசர் சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தாயே, உங்கள் தெருவில் யாரும் எங்கும் போக வேண்டாம். என் வார்த்தை! கொட்டிலை இன்றைக்கே வேறு பக்கம் மாற்றச் சொல்கிறேன். சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தவணை கொடேன்!"

மாடத்திக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது.

"தாராளமா எடுத்துக்கோங்க மகாராஜா. ஆனா ஒரே ஒரு மடக்கு குடிச்சுட்டு, கொட்டிலை மாத்தச் சொல்லி அனுப்புங்க. நாங்களும் நாளைக்குப் பார்த்துக்கலாம்னுதான் இருந்தோம். குடிச்ச பிறகுதான் மண்வெட்டி எங்கே இருக்குன்னே ஞாபகம் வந்துச்சு!"