ஆள்காட்டி எண்ணாமல் விட்ட பொட்டல்

பறவைகளுக்கு நம்மைப் போலவே பேச்சு இருந்த காலம் அது. இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் உண்டு. அவசரப்படக் கூடாது, அது கடைசியில்தான் வரும். கரிச்சானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

கரிச்சான் என்பது கன்னங்கரேலென்று, வால் இரண்டாகப் பிளந்த ஒரு போக்கிரிக் குருவி. எந்தக் குரலையும் ஒரு தரம் கேட்டால் போதும், அப்படியே திருப்பிக் கொடுக்கும். பருந்து மாதிரி கத்திக் கோழிகளைச் சிதறடிக்கும். கோழி மாதிரி கொக்கரித்துக் குஞ்சுகளைக் குழப்பும்.

அந்த வருஷம் பறவைகளுக்குத் தேர்தல் வந்தது. ஆளுக்கு ஒரு கூழாங்கல். இரண்டு குழி. எந்தக் குழியில் கல் அதிகமோ, அந்தக் குழிக்காரர் வைத்ததே நாடு முழுக்கச் சட்டம்.

ஒரு பக்கம் நின்றது சந்தை ஆலமரத்துக் காக்கை. "தரையில கிடக்கிறதெல்லாம் பொது. பார்த்தவங்க எடுத்துக்கலாம்" என்றது. எச்சில் இலை பொறுக்கிப் பிழைக்கிற சந்தைப் பறவைகளுக்கு அது நியாயமாகவே பட்டது. எதிர்ப்பக்கம் நின்றது ஆள்காட்டிக் குருவி. "தரையில கிடந்தாலும் முட்டை இட்டவங்களுக்குத்தான் சொந்தம்" என்றது. அதற்குக் கூடு கட்டத் தெரியாது. பொட்டலில், வெறும் மண்ணில், நான்கு முட்டை இட்டு வைத்திருந்தது.

பொட்டலைச் சுற்றிவரப் பறந்தே மூன்று நாள் ஆகும். முட்டையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் யார் போவது? பக்கத்து மேடுகளில் ஏறி நின்று, கத்தியே ஓட்டுக் கேட்டது ஆள்காட்டி.

"கவுதாரி அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டி. எங்க வீட்டு ஒன்பது கல்லும் உனக்குத்தான்" என்று முள்மரத்தின் பக்கமிருந்து கரகரவென்று பதில் வந்தது.

"காடை அண்ணே?"

"என்னம்மா?" இது மெல்லிய குரல். "நாங்க பதினாலு பேரு. கிழவிக்குக் கால் வலி. தூக்கிட்டாவது வந்துடறோம்."

அடுத்த மேட்டில் தவிட்டுக்குருவிகள். ஏழும் ஒரே நேரத்தில் சண்டை. "நான்தான் முதல்ல போடுவேன்." "போடி, உனக்குக் கல்லே தூக்க வராது."

அத்தனையும் ஒரே தொண்டை. அந்த மேடுகளுக்கு அப்பால் ஓணானும் கள்ளிச்செடியும்தான் இருந்தன. முள்மரக் கிளையில் புரண்டு புரண்டு சிரித்தது கரிச்சான். எண்ணி முடிக்கிற அன்றைக்கு அந்த ஏழு குரலிலேயே 'ஏமாந்தியா' என்று கேட்க வேண்டும் என்று முடிவு கட்டியது. நான்கு நாளில் நாற்பது தரம் குரல் கொடுத்தது. ஆள்காட்டியின் மனக்கணக்கு ஐந்நூறைத் தாண்டியது.

நான்காம் நாள் சாயங்காலம் காக்கையே தேடி வந்தது. மேலேயிருந்து பார்த்தால் நாடு முழுக்கப் பொட்டல்தான், சந்தை ஒரு புள்ளி. காக்கைக்கும் உள்ளூரப் பயம்.

"ஓட்டு எதுக்கு ஆள்காட்டி? ஏரிக்கு மேற்கே உன் சட்டம், கிழக்கே என் சட்டம். இத்தோட முடிச்சுக்கலாம்."

ஆள்காட்டியின் முட்டைகள் ஏரிக்கு மேற்கேதான் கிடந்தன.

"பாதி எதுக்கு மாமா? முழுசும் எனக்குத்தான். நாலு நாளா என் காதால கேட்டேனே."

முள்மரத்தில் இருந்த கரிச்சானுக்கு உண்மை தொண்டை வரை வந்தது. இன்னும் ஒரு நாள்தானே, சொன்னால் வேடிக்கை கெட்டுவிடும் என்று விழுங்கிவிட்டது.

மறுநாள் கொக்கு கல்லை எண்ணியது. ஆலமரம் ஒன்றிலிருந்து மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு. பொட்டல் மொத்தத்துக்கும் முப்பத்தெட்டு, கரிச்சான் போட்ட கல்லையும் சேர்த்து.

"கொஞ்சம் பொறுங்க" என்றது ஆள்காட்டி. "கவுதாரி வீட்ல ஒன்பது பேரு. காடைங்க கிழவியைத் தூக்கிட்டு வர்றாங்க. தூரம் அதிகம்."

பொழுது சாயும்வரை கொக்கு ஒற்றைக் காலில் காத்திருந்தது. யாரும் வரவில்லை.

"இடம் ஓட்டுப் போடாதும்மா, ஆள்தான் போடும்" என்று சொல்லி, காக்கையின் குழியைக் காட்டியது.

ஆலமரம் மொத்தமும் ஒரே கறுப்பாக எழும்பிப் பறந்தது. ஆள்காட்டி தன் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஓடுகள் மட்டும் கிடந்தன. மண்ணில் ஊறிய மஞ்சளை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

சிரிப்பதற்கென்று வைத்திருந்த இடம் வந்துவிட்டது. கரிச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொந்தக் குரலைத் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. கவுதாரியின் குரல்தான் வந்தது.

"அழாதடி."

ஆள்காட்டி திடுக்கிட்டு எழுந்தது. "வந்துட்டியா அக்கா? ஏன் இவ்வளவு நேரம்?" சுற்றிப் பார்த்தது. கவுதாரி இல்லை. முள்மரத்தில் கரிச்சானின் அலகு திறந்தபடி இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு ஆள்காட்டி மெதுவாகக் கூப்பிட்டது. "காடை அண்ணே."

"என்னம்மா?" பழக்கதோஷம், மெல்லிய குரலில் வந்துவிட்டது.

ஆள்காட்டி தவிட்டுக்குருவிகளைக் கூப்பிடவில்லை.

"இந்தப் பொட்டல்ல மொத்தம் நீ எத்தனை பேர்டா?" என்று கேட்டது.

அன்றைக்குப் பிறகுதான், கரிச்சான் தன்னைவிடப் பெரிய காக்கையையும் கண்ட இடத்தில் துரத்தித் துரத்திக் கொத்துகிறது. ஆள்காட்டியோ எந்தக் குரலையும் நம்பாமல், எழும்பிப் பறந்து, வந்திருப்பது யார் என்று தன் கண்ணாலேயே பார்த்துக் கத்துகிறது.