வாய் திறக்காமல் போட்ட விருந்து

முன்னொரு காலத்தில், கோடைகூடத் தன் உத்தரவு கேட்டுத்தான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஓர் அரசர் இருந்தார். செண்பகராஜன் என்று பெயர். அந்த வருஷம் கத்திரி வெயில் யாரையும் கேட்காமல் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டது. பளிங்குத் தரை சுட்டது. விசிறினால் அனல் அடித்தது. அரசருக்குப் பசி அடியோடு போயிற்று.

தினமும் காலையில் சபை கூடியதும் மடைப்பள்ளி அதிகாரி அம்பலவாணர் கைகட்டி நின்று, "அரசே, இன்று இரவுக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்பார். புளியோதரை என்றால் தாகமெடுக்கும் என்பார் அரசர். நெய்ப்பொங்கல் என்றால் பெயரைக் கேட்டாலே வியர்க்கிறது என்பார். கடைசியில் "எதையாவது செய்யும்" என்று கையை உதறுவார். எதையாவது செய்து கொண்டுபோனால், "இதையா செய்தீர்?" என்று இலையைத் தள்ளிவிடுவார். மூன்று நாளாக இதே கதை. வீட்டில் சமைக்கிறவர்களுக்கு இந்தத் துன்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அம்பலவாணர் இதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது இருளப்பனைத்தான். இருளப்பன் அரசவை விகடன். நாற்பது அடுப்புக்கு நடுவே வெந்து சாகிற அம்பலவாணரை அரசர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவனோ உட்கார்ந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முத்துமாலையைக் கழற்றிப் போட்டுவிடுவார். போன வாரம் அவனைப் பக்கத்தில் அமர்த்தி, தம் தட்டிலிருந்தே வெற்றிலை எடுத்துக் கொடுத்தார். வெற்றிலையை மென்றவன் இருளப்பன். வயிறு எரிந்ததோ அம்பலவாணருக்கு.

நான்காம் நாள் காலை அரசர் சபையில் பொரிந்து தள்ளினார். "கொண்டு வா என்று நானே வாய்விட்டுக் கேட்கும்படியான ஓர் உணவு இந்த நாட்டிலேயே இல்லையா?"

இதுதான் சமயம் என்று அம்பலவாணர் முன்னால் வந்தார். "அரசே, இன்று என்ன சமைப்பதென்று இருளப்பன் முடிவு செய்யட்டும். தாங்கள் வாய்விட்டுக் கேட்டால், மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்திடம் இருக்கும் மடைப்பள்ளிச் சாவி அவனுக்கே. கேட்காவிட்டால் அவன் நாளை முதல் இந்தச் சபைப் பக்கம் வரக் கூடாது. ஒரே ஒரு நிபந்தனை. தாங்கள் கேட்கும்வரை அவன் தங்கள் முன் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. வாயால் சமைக்கிறவன் அல்லவா!"

சபை சிரித்தது. அரசருக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. "இருளப்பா, என்ன சொல்கிறாய்?"

"சம்மதம் அரசே. அடியேனுக்கும் ஒரு வேண்டுகோள். உணவுக்கூடத்து வழக்கம் எதையும் இன்று மாற்றக் கூடாது."

"ஒன்றும் மாறாது" என்றார் அரசர். வழக்கங்களைக் காப்பதே தம் வேலை என்றிருந்த அம்பலவாணருக்கு அதில் மறுக்க என்ன இருக்கிறது? இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, ஒரு நாளைக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவனிடம் கொடுத்தார்.

இருளப்பன் சமையல்காரர்களுக்கெல்லாம் விடுமுறை கொடுத்தான். மடைப்பள்ளிக்குள் போய்க் கதவை உள்ளே பூட்டிக்கொண்டான். அம்பலவாணர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போக முடியவில்லை. எதைச் சமைக்கிறான், எதைக் கெடுக்கிறான் என்று பார்த்தே ஆக வேண்டும். சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தார். ஈரத் துண்டை விரித்து, குளுமையான கல் தரையில் இருளப்பன் படுத்திருந்தான். நாற்பது அடுப்பில் ஒன்றிலும் புகை இல்லை.

உச்சிவேளையில் அம்பலவாணர் வீட்டு வேலைக்காரி தேடிக்கொண்டு வந்தாள். "ஐயா, இலை போட்டு எம்மா நேரமாச்சு, அம்மா கூப்புடுறாங்க."

"நீ போ. இப்பத்தான் எழுந்திரிக்கிறான், ஏதோ செய்யப் போறான்."

இருளப்பன் எழுந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி படுத்துக்கொண்டான். வெயில் அம்பலவாணரின் முதுகை வறுத்தது. பசி காதை அடைத்தது. ஆனாலும் நகரவில்லை. நகர்ந்த நேரத்தில் அவன் ஏதாவது செய்துவிட்டால்?

பொழுது சாய்ந்தது. உணவுக்கூடத்தில் அரசர் வந்து அமர்ந்தார். எதிரே அம்பலவாணருக்கும் ஓர் இலை போட்டார்கள். அரசருக்கு நஞ்சு வைத்துவிடக் கூடாது என்பதற்காக, மடைப்பள்ளி அதிகாரி அரசர் கண்ணெதிரே முதலில் உண்டு காட்ட வேண்டும் என்பது பாட்டனார் காலத்து வழக்கம். அம்பலவாணர் எப்போதும் விரல் நுனியால் தொட்டு நக்கிவிட்டு, நலம் என்பார். இன்று நக்கியதும் முகத்தைச் சுளிப்பதென்று முடிவு செய்து வைத்திருந்தார். அரசர் அந்த முகத்தைப் பார்த்தால் போதும், கேட்கவே மாட்டார்.

இருளப்பன் ஒரு மண்பானையோடு வந்தான். வாயைத் திறக்கவில்லை. அம்பலவாணருக்கு முன்னால் ஒரு பெரிய கிண்ணத்தை வைத்து, காவலாளிகளுக்கென்று முதல் நாள் இரவே நீரூற்றி வைத்திருந்த பழைய சோற்றை நிறைய அள்ளிப் போட்டான். மேலே புளித்த மோரை ஊற்றினான். இலையில் உரித்த சின்ன வெங்காயம், உப்பில் ஊறிய மாவடு, அவ்வளவுதான். அரசர் இலையில் ஒன்றும் வைக்கவில்லை.

அம்பலவாணர் முகத்தைச் சுளிக்கத் தயாராக ஒரு வாய் உண்டார். அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கி வயிறு முழுக்கப் பரவியது. முகம் சுளிக்கவில்லை. இன்னொரு வாய் உண்டு பார்த்துச் சுளிக்கலாம் என்று நினைத்தார். மாவடுவைக் கடித்தார், கண் தானாக மூடிக்கொண்டது. இது எதிரி போட்ட சோறு என்று மனம் கத்தியது, கை கேட்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கி மோரை மடக்கு மடக்கென்று குடித்தார்.

அரசர் சற்று முன்னால் சாய்ந்தார். "என்ன அது?"

அம்பலவாணரின் வாய் நிறையச் சோறு. அரசர் இருளப்பனைப் பார்த்தார். அவன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, அதிகாரிக்கு இரண்டாவது கிண்ணத்தை நிரப்பினான். வெங்காயம் நறுக்கென்று கடிபடும் சத்தம் கூடமெங்கும் கேட்டது.

அரசர் எச்சிலை விழுங்கினார். பானையை எட்டிப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

"யோவ், எல்லாவற்றையும் நீரே தின்றுவிடுவீரா? எனக்கு எங்கே? கொண்டு வா!"

அம்பலவாணர் கை கிண்ணத்திலேயே நின்றுபோயிற்று.

மூன்று கிண்ணம் சாப்பிட்டு, இலையில் ஒட்டியிருந்த மாவடுக் காம்பையும் சுவைத்த பிறகுதான் அரசருக்குப் பேச்சே வந்தது. "இருளப்பா, இது என்ன தந்திரம்?"

"தந்திரம் ஏது அரசே? முதலில் அதிகாரி உண்ண வேண்டும் என்கிறது வழக்கம். எவ்வளவு என்று அது சொல்லவில்லை. பகல் முழுக்கச் சாப்பிடாமல் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து நின்றவர், வயிறார உண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் வேண்டும்போல் ஆகிவிடும். நான் தங்கள் வெற்றிலையை மென்ற அன்று, அம்பலவாணர் ஐயாவின் முகத்தைப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டேன்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாவி இனி உன்னுடையது!"

அம்பலவாணரின் கை வெறும் இடுப்பைத் தடவியது. பாட்டனும் தகப்பனும் காத்த சாவியைத் தம் வாயாலேயே தொலைத்துவிட்டார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"வேண்டாம் அரசே" என்றான் இருளப்பன். "நாளைக் காலையில் தங்கள் முன் வந்து, இன்று இரவுக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. அது ஐயா ஒருவருக்குத்தான் உண்டு."

சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தான். அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி இருளப்பனுக்கு அணிவித்தார்.

அம்பலவாணர் உண்மையாகவே கலங்கிப்போனார். நன்றி சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, மோதிரத்தில் பதித்திருந்த பெரிய பச்சைக்கல் அவர் கண்ணில் பட்டுவிட்டது. நன்றி பாதித் தொண்டையிலேயே நின்றது. அந்த முகத்தைப் பார்த்த அரசர் மறுபடியும் முதலிலிருந்து சிரிக்கத் தொடங்கினார்.