பதிஞ்சாச்சு, போ

ரொம்பப் பழைய காலமில்லை, ஆனாலும் ஒரு காலத்தில், கடலும் கரண்டும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற ஒரு கரை இருந்தது. பேரு மணல்முனை. அங்கே அறுபது படகு. ஒரு வயர்லெஸ் அறை. அந்த அறையில் தொம்மை என்று ஒரு மனுஷர்.

அந்தக் கரைக்கு ஒரு வழக்கம். கடலுக்குக் கிளம்புகிற படகு, பாறைத் திட்டைத் தாண்டுமுன் கரையைக் கூப்பிடும். எத்தனை பேர், எந்தத் திசை, எத்தனை பாகம் ஆழம் என்று சொல்லும். கரை "பதிஞ்சாச்சு, போ" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் ஒருத்தரும் தாண்ட மாட்டார்கள்.

முன்பு தொம்மை நோட்டில் எழுதினார். பிறகு சங்கம் ஒரு சர்வர் வாங்கிக் கொடுத்தது. படகுகளின் பேச்சு, ராடார் படம், தொம்மை தட்டுகிற விவரம், எல்லாம் அதற்குள் போனது. நோட்டு மூடிக்கொண்டது.

சர்வருக்கு ஒரு குணம். வருவதையெல்லாம் முதலில், கரண்ட் போனால் மறந்துவிடுகிற மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று காட்டிவிடும். டிஸ்கில் எழுதுவது அப்புறம், சாவகாசமாக. எழுதாமல் எவ்வளவு சேரலாம் என்பதற்கு இரண்டு எல்லை உண்டு. முதல் எல்லையைத் தொட்டால் ஓரமாக எழுத ஆரம்பிக்கும். இரண்டாவதைத் தொட்டால், வருகிறதை வாசலில் நிறுத்திவிட்டு எழுதும். இரண்டுக்கும் மெமரியில் இத்தனை சதவீதம் என்று எண் போட வேண்டியவர் தொம்மை.

சர்வர் திக்கியது. தொம்மை மெமரியை நாலு மடங்கு ஆக்கினார். கொஞ்ச நாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு முன்னைவிட மோசமாக, நிமிஷக் கணக்கில் நின்றது. இரண்டாவது எல்லையை இன்னும் உயர்த்தினார். திக்கல் போனது. ஒரு விடிகாலையில் கரண்டும் போனது.

கரண்ட் வந்த பிறகு பார்த்தால், கடைசியாகப் போன இருபத்துமூன்று படகு டிஸ்கில் இல்லை.

அதில் ஒன்று விடிவெள்ளி. ஓட்டியவன் தொம்மையின் தம்பி கஸ்பார். நடுக்கடலில், வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இன்ஜின் செத்தது. எந்தப் பக்கம் தேடுவது? தம்பி சொன்ன திசை தொம்மைக்கு ஞாபகத்தில் இல்லை. அவனுக்குப் பிறகு பதினெட்டு படகு பேசியிருந்தது. மூன்றாம் நாள் வேறு ஊர்ப் படகு ஒன்று தற்செயலாகப் பார்த்து இழுத்து வந்தது.

கரையேறிய கஸ்பார் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பதிஞ்சாச்சுன்னு நீதானே சொன்னே?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அப்புறம் நாலு நாள் காற்று. படகெல்லாம் மணலில் கிடந்தது. ஐந்தாம் நாள் விடியும்போது கிளம்பலாம் என்று சங்கம் சொன்னது. தொம்மை ஜெனிட்டா டீச்சருக்கு ஆள் விட்டார்.

டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். கரை கரையாகப் போய் சர்வர்களைச் சரிபண்ணுகிறவர். தொம்மையின் மகளைவிட இளையவர். ஆனாலும் தொம்மை சர்வர் வேலையை அவரிடம் படித்தவர். அவர் உள்ளே வந்தால், நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து நிற்பார்.

நாலாம் நாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார் ஜெனிட்டா.

"டீச்சர், சரியான எண்ணு எது?" என்றார் தொம்மை. "குறைச்சா திக்குது. கூட்டினா ஆளையே முழுங்குது. வடக்குக் கரையில நீங்க இருபதுன்னு வெச்சிருக்கீங்க. இங்கயும் அதையே போட்டேன். திக்கிச்சு. நாப்பது போட்டேன். என் தம்பி..."

சர்வரின் பக்கம் கை காட்டினார்.

"பேட்டரி வாங்கி வெச்சா சரியாயிடுமா டீச்சர்?"

"வாங்குங்க. அதுவும் ஒருநாள் போகும்." ஜெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பழைய நோட்டு இருக்கா?"

தொம்மை தேடி எடுத்தார்.

"நான்தான் படகு. நீங்க கரை. நான் சொல்லச் சொல்ல 'பதிஞ்சாச்சு, போ'ன்னு சொல்லணும். எழுதக் கூடாது. நான் சொன்ன பிறகு மொத்தமா எழுதுங்க."

"சின்னப் பிள்ளை விளையாட்டால்ல இருக்கு?"

"சலேத்மாதா, நாலு பேர், தெற்கே, இருபது பாகம்."

"பதிஞ்சாச்சு, போ."

படகு படகாக வந்தது. தொம்மை நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். பதினைந்தாவது படகில் அவருக்குப் பெருமையே வந்துவிட்டது. பதினாறாவதில் ஜெனிட்டா சட்டென்று கேட்டார்:

"அண்ணாச்சி, உங்க மாமியார் பேரு என்ன?"

"மாமியாரா? அது... சந்தியம்மாள். எதுக்கு?"

"இப்போ எழுதுங்க."

தொம்மை பேனாவை எடுத்தார். சலேத்மாதா என்று எழுதினார். அப்புறம் மாமியார் முகம்தான் நின்றது.

"சரி, இந்தத் தடவை ஒவ்வொண்ணையும் எழுதி முடிச்சிட்டு பதில் சொல்லுங்க," என்றார் ஜெனிட்டா.

தொம்மை குனிந்து முத்து முத்தாக எழுதினார். ஜெனிட்டா படகாக மாறிக் கத்தினார்.

"ஏ கரை! தூங்குதியா? இங்க அலை எங்களைத் தாலாட்டுது! தொம்மையண்ணே, எழுதுதீரா, கோலம் போடுதீரா?"

தொம்மைக்குக் காது சிவந்தது. பேனாவை வைத்துவிட்டார்.

"ஒண்ணும் விளங்கல டீச்சர். சேர்த்து வெச்சாலும் தப்பு, சேர்க்காம இருந்தாலும் தப்பு."

"இப்போ உங்க இஷ்டப்படி."

படகுகள் வந்தன. தொம்மை எதையும் யோசிக்கவில்லை. காது ஒருபக்கம் கேட்டது, கை ஒருபக்கம் எழுதியது. ஜெனிட்டா வேகத்தைக் கூட்டினார். கை பின்தங்கியது. ஒரு கட்டத்தில் தொம்மை இடது கையை நீட்டி, "பொறு!" என்றார். விட்டதை எழுதி முடித்தார். "ம், சொல்லு."

ஜெனிட்டா நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு படகும் விட்டுப்போகவில்லை.

"கை எப்போ எழுத ஆரம்பிச்சுது?"

"தெரியல. ரெண்டாவது படகுக்கு இருக்கும்."

"பொறுன்னு எப்போ சொன்னீங்க?"

தொம்மை விரல் விட்டுப் பார்த்தார். "எழுதாம ஏழு சேர்ந்திருந்தப்போ."

"ஏழுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலியே." அவர் இன்னும் குழம்பினார். "அப்போ சர்வர்லயும் ஏழு போடட்டுமா? ஏழு சதவீதம்?"

ஜெனிட்டா சிரித்துவிட்டார். "எதுல ஏழு சதவீதம்?"

"மெமரியில."

"உங்க தலையை நாலு மடங்கு பெரிசாக்கிட்டா, கை நாலு மடங்கு வேகமா எழுதுமா அண்ணாச்சி?"

தொம்மை திரும்பி சர்வரைப் பார்த்தார். பழைய டிஸ்க் உள்ளே டிக் டிக்கென்று தன் வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தது.

"இந்த டிஸ்க் விநாடிக்கு எவ்வளவு எழுதும்?"

"பத்து எம்.பி."

"ஏழு படகு பேசி முடிக்க?"

"நாப்பது விநாடி."

ஜெனிட்டா டீ குடிக்கப் போய்விட்டார். தொம்மை தனியாக உட்கார்ந்து யோசித்தார். சதவீதத்தை அழித்தார். அளவைப் போட்டார். நாற்பது விநாடிக்குப் பத்துப் பத்தாக, இரண்டாவது எல்லை நானூறு எம்.பி. முதல் எல்லை இரண்டு படகுக்கு உண்டானது, நூற்றிருபது. இத்தனை பெரிய மெமரிக்கு இத்தனூண்டா என்று கை கூசியது. கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினார். எதற்காக ஏழு என்று மட்டும் இன்னும் தெரியாது.

மறுநாள் வெளுக்கும்போது படகுகள் கிளம்பின. ஜெனிட்டா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தொம்மை மைக்கைப் பிடித்தார். பத்து, இருபது, முப்பது என்று ஓடியது. ஐம்பத்தைந்தாவது படகில் திரை நின்றது. தட்டின எழுத்து ஏறவில்லை.

தொம்மை மைக்கை அமுக்கினார்.

"எல்லாரும் பொறுங்க."

வயர்லெஸ் முழுக்க முணுமுணுப்பு. "மறுபடி நட்டுக்கிச்சா?" "அண்ணே, மீன் பொறுக்குமா?" யாரோ சிரித்தார்கள். அதற்கு நடுவே ஒரு குரல்.

"விடிவெள்ளி பேசுதேன். என்ன கரை, இன்னைக்குப் பொறுக்கச் சொல்லுது?"

தொம்மை நின்ற திரையைப் பார்த்தார்.

"போன தடவ சொல்லலியே," என்றது அந்தக் குரல்.

அலைச் சத்தம் மட்டும் வயர்லெஸ்ஸில் வந்தது. டிஸ்க் டிக் டிக்கென்றது. திரையில் எழுத்து ஏறியது. மிச்சப் படகுகள் ஒவ்வொன்றாகப் பேசின. கடைசியாகக் கஸ்பார்.

"விடிவெள்ளி. மூணு பேர். கிழக்கே, முப்பது பாகம்."

தொம்மை தட்டினார். எழுத்து ஏறும்வரை பார்த்தார்.

"பதிஞ்சாச்சு, போ."

விடிவெள்ளியின் இன்ஜின் உறுமல் கேட்டது.

"சரிண்ணே."

படகுகள் பாறைத் திட்டைத் தாண்டின. தொம்மை மைக்கை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஜெனிட்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அப்போ இதுதான் சரியான எண்ணா?"

"இந்த நிமிஷம் கரண்ட் போச்சுன்னு வைங்க. டிஸ்க்ல ஏறாம போற கடைசி ஏழு படகு எது?"

தொம்மை மூச்சு விடாமல் சொன்னார். பேரு, ஆள், திசை, ஆழம். ஏழாவதாக விடிவெள்ளி, மூணு பேர், கிழக்கே, முப்பது பாகம்.

சொல்லி முடித்துவிட்டு அவரே திகைத்து நின்றார்.

ஜெனிட்டா வாசலில் செருப்பைத் தேடிப் போட்டார்.

"அப்போ வடக்குக் கரையில ஏன் டீச்சர் இருபது?"

"அங்க உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட கேளுங்க," என்று சொல்லிவிட்டு, மணலில் இறங்கி பஸ்ஸுக்கு நடந்தார்.