பல்லக்குக் கூலியும் மூன்று வருஷக் கெடுவும்

முன்னொரு காலத்திலே குறும்பனை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நினைத்தால் நினைத்தபடி. ஒருநாள் ஒரு கிழவர் தம் கொள்ளுத்தாத்தா கொடுத்த கடனுக்கு நியாயம் கேட்டு, செல்லரித்த ஓலைகளைச் சபையிலே உதறினார். ராஜாவுக்கு அடுக்கடுக்காக ஏழு தும்மல். எட்டாவது தும்மலோடு சட்டம் பிறந்தது: "கடனோ ஒப்பந்தமோ, மூன்று வருஷத்துக்குள் வழக்குக்கு வராவிட்டால் செல்லாது!"

கருவூல அதிகாரி திருமேனியாருக்குக் கொண்டாட்டம். வேலாண்டி என்ற தச்சரிடம் தந்தம் இழைத்த பல்லக்கு செய்து வாங்கியிருந்தார். பேசிய கூலி முந்நூறு பொன். நாலு வருஷமாகியும் ஒரு பொன்கூடக் கொடுக்கவில்லை.

வேலாண்டியின் வீட்டை ஈடாக வைத்துக்கொண்டு பல்லக்குக்கு மரம் கடனாகக் கொடுத்த வியாபாரி, "நாளைக்குள் பணம் வராவிட்டால் வீட்டைக் காலி செய்" என்று சொல்லிவிட்டான். வேலாண்டி சபைக்கு ஓடிவந்து அழுதார்.

திருமேனியார் சிரித்தார். "பிரபு, கெடு தாண்டி ஒரு வருஷமாகிவிட்டது. வழக்கே செல்லாது."

அமைச்சர் அறவாழியாரின் பெயர் ஓங்கினாலே திருமேனியாருக்கு வயிறு எரியும். அவர் பக்கம் திரும்பி, "அமைச்சரே, இதற்கும் ஏதாவது சாமர்த்தியம் வைத்திருக்கிறீரா?" என்று சீண்டினார்.

"எனக்கேது சாமர்த்தியம்? மூன்று வருஷம் இவரைக் வழக்கே போடாமல் நிறுத்திவைத்தீரே, அதுவல்லவா சாமர்த்தியம்! எப்படி ஐயா?"

புகழ்ச்சியில் திருமேனியார் பூரித்துப்போனார். "என்ன பெரிய வித்தை! வரும்போதெல்லாம் 'தருகிறேனப்பா' என்பேன். போன மாதம்கூட, 'அறுப்பு முடியட்டும், முந்நூறையும் தருகிறேன்' என்றேன். நம்பிப் போய்விட்டான்!"

சபை சிரித்தது. அறவாழியார் ராஜாவை வணங்கினார். "பிரபு, இந்தச் சட்டத்தால் தங்களுக்கும் லாபம். திருமேனியாருக்கு ஆலம்பாடி கிராமத்தைத் தருவதாகத் தாங்கள் வாக்குக் கொடுத்து ஐந்து வருஷமாகிறது. அதுவும் செல்லாது."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "அட, ஆமாம்! ஒரு கிராமம் மிச்சம்!"

திருமேனியார் துள்ளி எழுந்தார். "அதெப்படி பிரபு? பொங்கலன்றுகூட 'தருகிறேன்' என்றீர்களே! ஒவ்வொரு முறை ஒப்புக்கொள்ளும்போதும் கெடு புதிதாகத்தானே தொடங்கும்? அதுதானே நியாயம்?"

"அதுதான் நியாயம்," என்றார் அறவாழியார் மெதுவாக. "நீர் வேலாண்டியிடம் ஒப்புக்கொண்டது போன மாதம்."

துள்ளி எழுந்த திருமேனியார் மெல்ல உட்கார்ந்தார்.

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். "உம் வாயாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்! முந்நூறும், அலையவைத்ததற்கு ஐம்பதும், இப்போதே இங்கேயே எண்ணி வையும்!"

"பிரபு... அப்படியானால் ஆலம்பாடி?"

"அதற்கு இன்னும் இரண்டரை வருஷம் கெடு இருக்கிறது. துணிச்சலிருந்தால் என்மேல் வழக்குப் போடும்!"

அறவாழியாருக்கு ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். 'வாக்கைக் கடைசியாக ஒப்புக்கொண்ட நாளிலிருந்தே கெடு' என்று சட்டமும் அன்றே திருத்தப்பட்டது.

வேலாண்டி பொன்முடிப்போடு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள் மனைவி சிவகாமி.

"மூட்டையை அவிழ்த்துப் போடு, சிவகாமி!" என்றார் வேலாண்டி. "அடுப்பைப் பற்றவை. வீடு நம்முடையதுதான்!"