வருகை நாளில் அணைத்த அடுப்பு

ஞானாபரணம் அம்மாவின் ஜெபவீட்டில் பாடம் கேட்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் வேதமுத்து, அம்மாவைவிட வயதில் மிகவும் மூத்தவர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வேதத்தைக் கையில் எடுத்தார். ஊர் அவரை இன்னும் ஏட்டையா என்றுதான் கூப்பிடும். அவர் அம்மாவை அம்மா என்பார், அம்மா அவரை அண்ணாச்சி என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

ஏட்டையாவுக்கு வேதத்தில் பிடித்த பாடம் வருகை. கர்த்தர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மேகத்தில் வருவார். தம்முடையவர்களைக் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மற்றவர்கள் இங்கேயே கிடந்து உபத்திரவ காலத்தை அனுபவிக்க வேண்டியதுதான். அம்மா இதைச் சொல்லும்போது சபையில் பலருக்குக் கண் கலங்கும். ஏட்டையாவின் கண் மட்டும் சபையைச் சுற்றி வரும். யார் போவார்கள், யார் கிடப்பார்கள் என்று அவர் ஆளுக்கு ஆள் முடிவு செய்து வைத்திருந்தார்.

செல்லக்கனி விஷயத்தில் அவர் யோசிக்கவே இல்லை. கிடப்பாள்.

செல்லக்கனி போன வருஷம் ஊருக்கு வந்தவள். ஓடைத்தெருவில் ஒரு அறை எடுத்து, சாயங்காலம் வடை சுட்டு விற்றாள். எந்த ஊர் என்று கேட்டால் "கெழக்க" என்பாள். கிழக்கே கடல்வரைக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடினால் அவள் திறந்து வைத்திருப்பாள். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவாள். அவள் கண் திறந்திருந்தது ஏட்டையாவுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அவளிடம் நேராகவே கேட்டார்.

"இன்னைக்கு வருகை இருந்தா நீ போவியா?"

"தெரியலயே, ஏட்டையா," என்றாள் அவள்.

அந்தப் பதிலை அவரால் மன்னிக்க முடியவில்லை. சபையில் மற்ற எல்லாரும் அந்தக் கேள்விக்கு ஆமென் என்றுதான் சொல்வார்கள்.

அவள் ஞானஸ்நானம் கேட்டாள். அந்தச் சபையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் முங்கி எழுந்து கரையேறுகிறவர் தலையில் சபையார் ஒருவர் காய்ந்த துண்டைப் போர்த்தி, 'இவங்கள எனக்குத் தெரியும்' என்று சொல்ல வேண்டும். யாராவது ஆட்சேபம் சொன்னால், சொன்னவரேதான் துண்டோடு நிற்க வேண்டும். அவர் நிற்கவில்லை என்றால் ஞானஸ்நானம் இல்லை. அம்மாவின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஏட்டையா ஆட்சேபம் சொன்னார். அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வார ஞாயித்துக்கெழம செல்லக்கனிக்கு ஞானஸ்நானம். துண்டு நீங்கதான், அண்ணாச்சி."

"என்னால முடியாதும்மா. அவள எனக்குத் தெரியாது."

"ஒரு வருசமா அவளையேதான பாத்துக்கிட்டு இருக்கீய?"

"பாத்ததுனாலதான் சொல்லுதேன். ஊரு சொல்ல மாட்டேங்கா. ஆளு சொல்ல மாட்டேங்கா. கர்த்தரு ஆசீர்வாதம் குடுக்கும்போது வட சுடணும்னு எந்திரிச்சுப் போறா. என்னமோ இருக்கும்மா."

"என்ன இருக்கு?"

"அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

"சரி, தேடுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள மனசு வரலன்னா அவ தண்ணிக்குள்ள எறங்க வேண்டாம்."

"ஒங்களுக்கு அவளத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் அம்மா.

ஏட்டையாவுக்கு இது போதாதா? ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு உற்சாகம் அவருக்கு வந்ததே இல்லை. தெருவில் விசாரித்தார். வீட்டுக்காரரிடம் விசாரித்தார். அவள் செருப்பில் வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்ததைக்கூடக் கவனித்து வைத்துக்கொண்டார். எதற்கு உதவும் என்று அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சபை முழுக்க வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு காலையிலிருந்து ஜெபவீட்டில் உட்கார்ந்திருக்கும். ஏட்டையாவும் உபவாசம்தான். ஆனால் மத்தியானத்துக்கு மேல் மெல்ல நழுவி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். கிழக்கேயிருந்து வருகிற பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தார்.

"செல்லக்கனின்னு ஒருத்தி. வட விக்கா. ஒங்க பக்கம்தான். தெரியுமா?"

"தெரியாது ஏட்டையா."

மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஏட்டையா திரும்பி நடந்தார்.

ஜெபவீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. மைக் லேசாக இரைந்துகொண்டிருந்தது. உள்ளே பாட்டும் இல்லை, ஜெபமும் இல்லை. எட்டிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

மின்விசிறிகள் சுற்றின. பாய்களின் மேல் வேதப் புத்தகங்கள் விரித்தபடி கிடந்தன. ஒரு புத்தகத்தின் மேல் அவர் மனைவி அன்னபாக்கியத்தின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அது இல்லாமல் அவளால் நாலடி நடக்க முடியாது. வாசலுக்கு வந்து பார்த்தார். அவள் செருப்பு இருந்தது. அம்மாவின் செருப்பும் இருந்தது. ஆட்கள் மட்டும் இல்லை.

வருகை முடிந்துவிட்டது. அவர் பஸ் ஸ்டாண்டில் இருந்த நேரத்தில் முடிந்துவிட்டது.

தெருவைப் பார்த்தார். தெருவிலும் ஆளில்லை. மாரியப்பனின் டீக்கடையில்கூட ஆளில்லை, பால் மட்டும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. தினமும் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு கடை திறக்கும் மாரியப்பன் எப்போது இரட்சிக்கப்பட்டான் என்று ஏட்டையா கேட்டுக்கொள்ளவில்லை. அந்த விசாரணை மூளை அன்றைக்கு லீவில் போயிருந்தது. ஓடைக்கு அப்பால் பனைமரங்களுக்கு மேலே கரும்புகை எழும்பியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உபத்திரவ காலம் அதற்குள் ஆரம்பித்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. திரும்ப வாசலுக்கு ஓடி செருப்புகளைப் பார்த்தார். ஊக்குப் போட்ட செருப்பு இல்லை.

அவருக்கு மூச்சு வந்தது. ஓடைத்தெருவை நோக்கி ஓடினார். அந்த வயதில் அந்த ஓட்டம் ஓடியிருக்கக் கூடாது. ஆனாலும் ஓடினார்.

செல்லக்கனியின் கதவு திறந்து கிடந்தது. ஊக்குப் போட்ட செருப்பு வாசலில் இருந்தது.

"செல்லக்கனி," என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை. உள்ளே போனார். ஒரே அறை, ஒளிய இடமில்லை. கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் எண்ணெய் கொதித்தது. நாலைந்து வடைகள் அதில் கருகிக்கொண்டிருந்தன. தட்டிய மாவு ஒன்று வாழையிலையில் அப்படியே இருந்தது, அதில் அவள் விரல் தடம் பதிந்திருந்தது.

ஏட்டையா அடுப்பை அணைத்தார். கரண்டியால் வடைகளை எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். மனைவி போனதற்கு அழவில்லை, அவள் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். தன்னை விட்டுவிட்டார்களே என்று அழுதார். உலகத்தில் தன்னைப்போல் தனியான ஆள் இனி ஒருவரும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ தெரியாது. வாசலில் ஆள் அரவம் கேட்டது.

செல்லக்கனி நின்றாள். வெறுங்கால், சேலையெல்லாம் சேறு, முகத்தில் கரி. பின்னால் அம்மா நின்றார். அவர் முகத்திலும் கரி.

ஏட்டையா பேயைப் பார்த்ததுபோல் பார்த்தார்.

"வட போச்சா, ஏட்டையா?" என்று கேட்டாள் செல்லக்கனி. அடுப்பைப் பார்த்தாள். அணைந்திருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு முகம் கழுவத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அம்மா உள்ளே வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் தங்கப்பழம் குடிச தீப்பிடிச்சிருச்சு, அண்ணாச்சி. இவதான் மொதல்ல பாத்தா. வட சுட்டுக்கிட்டு இருந்தவ அப்படியே ஓடி வந்து பின்வாசல்ல நின்னு கத்துனா. எல்லாரும் பின்பக்கமாவே ஓடிட்டோம். செருப்பு போட யாருக்குத் தோணுச்சு? அக்கா கண்ணாடியக்கூட விட்டுட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தாவ. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. கன்னுக்குட்டிக்குத்தான் கொஞ்சம் முடி கருகிருச்சு. நீங்க இங்க என்ன செய்தீய?"

ஏட்டையாவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அவர் அடுத்தவரைச் சந்தேகப்படுவார், ஆனால் பொய் சொல்ல மாட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா சிரிக்கவில்லை.

"ஜெபவீட்டுல இருந்து நேரா எங்க போனீய?"

"இங்க."

"ஒங்க வீட்டுக்குப் போகலையா?"

"இல்ல."

"எதுக்கு இங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"இவ இருப்பான்னு நெனச்சேன். இருந்தா, நான் மட்டும் இல்லன்னு ஆகும்லா."

"இருந்தாளா?"

"இல்ல."

"என்ன நெனச்சீய?"

"இவளையும் எடுத்துட்டாருன்னு."

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கதவு தெறந்து கெடக்கு. எண்ண கொதிக்கி. ஆளக் காணும். ஸ்டேஷன்ல இருக்கும்போது இப்பிடி ஒரு வீட்டுக்குள்ள போயிருந்தா என்னன்னு எழுதுவீய?"

"தலைமறைவுன்னு."

"இன்னைக்கு அப்பிடித் தோணலையா?"

"தோணல."

"விசாரிக்கது தெரிஞ்சு ஓடிட்டான்னு?"

"இல்லம்மா."

"கொஞ்சங்கூட?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அடுப்ப அணைச்சது யாரு?"

"நாந்தான்."

"ஒலகமே முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீய. ஒரு அடுப்பு எரிஞ்சா ஒங்களுக்கு என்ன?"

"அவ வீடு எரிஞ்சிரக் கூடாதேன்னு," என்றார் ஏட்டையா. சொன்ன பிறகு அவருக்கே அது விநோதமாக இருந்தது. மேலே போனவளுக்குக் கீழே வீடு எதற்கு?

"ஒங்களப் பத்தி என்ன நெனச்சீய?"

அவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ன விட்டுட்டுப் போயிட்டாருன்னு. அதுலயும் எனக்குச் சந்தேகம் வரலம்மா."

அம்மா எட்டித் தட்டிலிருந்து கருகிய வடை ஒன்றை எடுத்தார். இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவர் கையில் வைத்தார்.

"உபவாசத்த முடிங்க, அண்ணாச்சி."

இருவரும் தின்றார்கள். கசந்தது. அவர் மிச்சம் வைக்காமல் தின்றார். வெளியே குழாயடியில் செல்லக்கனி முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.

அம்மா எழுந்தார்.

"ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்துருங்க. துண்டு நல்லாக் காஞ்சதாக் கொண்டாங்க. ஆத்துல தண்ணி குளுந்து கெடக்கு."

ஏட்டையாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை வந்தவர் நின்றார். ஊக்குப் போட்ட செருப்பைப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம் அவ்வளவு லேசில் போய்விடுமா?

"அவ எந்த ஊருன்னு இன்னும் தெரியலயேம்மா," என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அவரு வந்துட்டாருன்னு நெனச்சப்போ, அது ஒங்களுக்குத் தேவப்படலயே, அண்ணாச்சி."