கடைசித் துண்டு மீன்

உடம்பைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அதற்கப்புறம் எதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தர எங்கள் மதுரை ஆஸ்பத்திரியில் ஓர் அறை உண்டு. உள்ளே இருப்பவர் தயாபரன் சார். முப்பத்திரண்டு வயது. வாசலில் டோக்கன் கூப்பிடுவது நான், செல்லக்கனி. உள்ளே யாராவது வாந்தி எடுத்தால் பேசினைக் கழுவுவதும் நான்தான்.

சார் அதிகம் பேசமாட்டார். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் ஒரே விஷயத்தைச் சொன்னால் யாருக்குத்தான் பேச்சு வரும்? மத்தியானம் தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார். அவர்தான் ஊருக்குச் சாப்பாட்டுப் பாடம் எடுக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரிடம் கீழக்கரையிலிருந்து செய்யது மீரான் வந்தார். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர், ஐம்பத்தாறு வயது. சாரும் நானும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். ஆக, இந்தக் கதையில் மாஸ்டர் என்பது சாப்பிடப் படிக்க வந்தவர்.

ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நூற்று நாற்பது கிலோ இருந்த ஆள் நூறுக்கு இறங்கியிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தலையைத் தடவினால் முடி கையோடு வந்தது. கஞ்சி இறங்கியது, மோர் இறங்கியது, டீயில் நனைத்த பிஸ்கட் இறங்கியது. முட்டை, மீன், கோழி என்று சத்தாக எதைத் தின்றாலும் வாந்தி. டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டார். அடைப்பு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கெட்டியாக ஏதாவது வயிற்றில் தங்காவிட்டால் படுக்கையில் போட்டு, மூக்கு வழியே குழாய் விட்டுத்தான் உணவு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"ஊருக்கே சோறாக்கிப் போட்டவன் நான். எனக்குக் குழாயில ஊத்தப் போறாங்களாம்" என்று பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த டோக்கன் கூப்பிட வேண்டியிருந்தது.

சார் எல்லாவற்றையும் விசாரித்தார். நன்றாக மென்றுதான் சாப்பிடுகிறாராம். நடுவில் தண்ணீர் குடிப்பதில்லையாம். இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் உட்காருகிறாராம். சொன்ன பாடத்தில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

"பின்ன எப்பதான் தம்பி என் வயிறு இதை ஏத்துக்கும்?"

சார் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டை இங்க கொண்டுவாங்க" என்றார். அவ்வளவுதான்.

மாஸ்டர் வெளியே வந்து, இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்பது போல என்னைப் பார்த்தார். மதுரையில் மச்சினன் வீட்டில்தான் தங்கியிருந்தார். போகவும் வரவும் ஆட்டோவில் உட்காரக்கூடத் தெம்பில்லை என்று முனகிக்கொண்டே போனார்.

புதன்கிழமை ஒரு சின்ன டப்பாவில் மீன் ஆணம் வந்தது. அவர்கள் ஊரில் குழம்பை ஆணம் என்பார்கள். மச்சினன் வீட்டு அடுப்பில், இருக்கிற தெம்பை வைத்துத் தானே ஆக்கியதாம். அதிலிருந்து முள் எடுத்த பாறை மீனை ஒரு சாஸரில் வைத்துக்கொண்டார். சார் மேஜைக்கு அந்தப் பக்கம், மாஸ்டர் இந்தப் பக்கம். நான் பேசினோடு கதவோரம்.

சும்மா சொல்லக்கூடாது, சாப்பிட்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுண்டு விரல் நகம் அளவு பிய்த்தார், கூழாகும்வரை மென்றார், கையைக் கீழே வைத்துக் காத்திருந்தார். கால் மணி நேரத்தில் முக்கால்வாசி மீன் உள்ளே போய்விட்டது. வாசனை வேறு என்னைப் பாடாய்ப் படுத்தியது.

அப்போது அவருக்கு ஒரு விக்கல் வந்தது. மூக்கு ஒழுகியது. தோளில் துடைத்துக்கொண்டார். சாஸரில் ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்து வாயில் போட்டார். விரலை வழித்துச் சூப்பினார். சாஸர் கழுவி வைத்ததுபோல் ஆயிற்று.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பேசினை நீட்டினேன். எல்லாம் வெளியே வந்துவிட்டது.

கழுவி எடுத்துக்கொண்டு நான் திரும்பி வரும்போது மாஸ்டர் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். சார் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வயிறு நிறைஞ்சுட்டா வர்ற விக்கல் வந்துச்சே மாஸ்டர். போதும்னு தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு தம்பி."

"பின்ன?"

"ஒரு துண்டு மீந்துச்சே. அதை எப்படித் தம்பி குப்பையில போடுறது? எத்தனையோ அண்டா ஆக்கியிருக்கேன், ஒரு பருக்கையைக் கீழ போட்டதில்ல."

குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்று நான் நடுவில் புகுந்தேன். அதையும் செய்து பார்த்துவிட்டாராம். இந்த வயிறு நாளுக்கு ஓர் அளவு சொல்கிறதாம். ஒரு நாள் குறைத்து வைத்தால் பத்தவில்லை, மறுநாள் அதே அளவு மீந்துவிடுகிறது. மீந்தால் கை தானாகப் போகிறது என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு துண்டைக் காப்பாற்றப் போய் நாலு மாதமாக மொத்த மீனையும் பேசினில் கொட்டியிருக்கிறார் மனுஷன்.

சார் கோபப்படவில்லை. உங்கள் ஊர்க் கல்யாணத்தில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

மாஸ்டருக்கு முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. சகன் என்று பெரிய வட்டத் தட்டு இருக்குமாம். நடுவில் சோறு, மேலே கறி. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்களாம். அவர் வீட்டில் தினமும் அப்படித்தானாம்.

"இப்ப நீங்க எந்தப் பக்கம் உக்காருறீங்க?"

மாஸ்டர் சாஸரைப் பார்த்தார்.

"உக்காருறதில்ல தம்பி. மலை மாதிரி இருந்த ஆளு கோழிக்குஞ்சு மாதிரி கொத்துறேன். எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. ரூமுக்குள்ள கொண்டுபோய் கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னுட்டு வந்துருவேன்."

"நாலு மாசமாவா?"

"நாலு மாசமா."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே பதினேழு பேர் இருந்தார்கள்.

"நாளைக்கும் வாங்க மாஸ்டர். அதே மீன்."

வியாழக்கிழமை அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். நடை இன்னும் தளர்ந்திருந்தது. அதே டப்பா, அதே சாஸர். மறுநாள் குழாய்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார் போலிருந்தது. நானும் பேசினை அவர் மடியிலேயே வைத்துவிட்டேன். தினமும் ஓடிவந்து நீட்ட என்னால் முடியாது.

பிய்த்தார், மென்றார், காத்திருந்தார். பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். விக்கல் வந்தது. சாஸரில் இரண்டு துண்டு மீதி.

கை அதை நோக்கிப் போய் நின்றது.

"மிச்சம் கிடக்கே தம்பி" என்றார்.

"சகன்ல உங்களுக்குப் போதும்னா என்ன செய்வீங்க?"

"கையை எடுத்துக்குவோம்."

"மிச்சம்?"

"பக்கத்துல உள்ளவங்க சாப்பிடுவாங்க."

சார் எழுந்தார். குழாயடியில் கையைக் கழுவினார். தன் நாற்காலியை இழுத்து வந்து மேஜைக்கு இந்தப் பக்கம், மாஸ்டர் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார். சாஸரிலிருந்த இரண்டு துண்டையும் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொருவர் கை வைத்த தட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பின் மாஸ்டரின் டப்பாவைத் திறந்து, அடியில் கிடந்த ஆணத்தையும் வழித்துச் சாப்பிட்டார். அன்றைக்குச் சார் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான் என்பது எனக்குத் தெரியும்.

"உப்பு கொஞ்சம் கம்மி மாஸ்டர்" என்றார்.

அந்த மனுஷன் சமையலில் அதுவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாஸ்டர் அவரை முறைத்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே டோக்கன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. மாஸ்டர் மடியிலிருந்த பேசினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது காய்ந்தே இருந்தது.

மாஸ்டரும் அதைப் பார்த்தார். எடுத்து என்னிடம் கொடுத்தார். வந்த அன்று கேட்டதையே மறுபடி கேட்டார்.

"அப்ப என் வயிறு எப்பத்தான் தம்பி ஏத்துக்கும்?"

சார் நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.

"அது எப்பவோ ஏத்துக்கிச்சு மாஸ்டர். ஊருக்குப் போனதும் அந்த ரூம் கதவைத் திறந்து வைங்க."